மூடிய கொட்டகையில் இருபத்தாறு நிமிடம்

1979 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். ஆடி பிறந்து ஆறாம் நாள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மேற்கேயிருந்து அடித்த காற்று வில்லாபுரத்துத் தெருப் புழுதியை எல்லாம் எங்கள் வாசலில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் எங்கள் காரின் எஞ்சினை ஓடவிட்டேன். அது நின்றது மூன்று முப்பத்தாறுக்கு. எனக்கு இப்போது வயது எண்பத்தாறு. நடுவிலிருந்த அந்த இருபத்தாறு நிமிடம் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

கார் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எனக்கு முன் மூன்று பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. மைல் மீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டி, பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கி, 38,416-ல் நின்றது. பெடல் பக்கத்தில் தரைத் தகரம் துருப்பிடித்து மூன்று ஓட்டைகள். ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் புகையும். அடுத்த ஞாயிறு மேலூரில் என் மனைவியின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். காரில்தான் வருவோம் என்று மனைவி கடிதம் எழுதிவிட்டாள். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்ய மெக்கானிக் முந்நூறு ரூபாய் கேட்டார். எனக்குப் படிப்பு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, பாக்ஸ் ஸ்பானர் செட் இருக்கிறது. நானே செய்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி, கரியைச் சுரண்டி, எட்டு வால்வுகளையும் தேய்த்து உட்காரவைத்தேன். கழற்றிய போல்ட்டும் நட்டும் நாற்பத்தேழு. திரும்ப மாட்டியதும் நாற்பத்தேழு. ஒன்றுகூட மிச்சம் விழவில்லை என்று மனைவியிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரே ஒரு இடத்தில் சிக்கனம் பார்த்தேன். புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில், புகை கசியாமல் அடைக்க ஒரு காஸ்கெட் உண்டு. பழையது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதையே திருப்பிப் போட்டுவிட்டேன்.

அன்று காலை நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குத் துணி தேய்ப்பவர் ஒருவர் இருந்தார். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் கரிப்பெட்டியோடு வருவார். முப்பத்தைந்து வயதிருக்கும். காலை ஏழு மணிக்குத் தேய்த்த துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் போய்க் கட்டிலில் போட்டு எண்ணினேன். பத்து. என் நோட்டில் பதினொன்று என்று இருந்தது. நீல ரவிக்கை ஒன்று குறைந்தது. வெளியே வந்து கேட்டேன்.

“எண்ணித்தான் சார் கட்டுனேன்” என்றார்.

“எண்ணிக் கட்டுனா பத்து எப்படி வரும்?”

“எனக்கே புரியல சார். மூணு வருசமா தேய்க்கிறேன், ஒரு கைக்குட்டை குறைஞ்சிருக்கா?”

“குறைஞ்சது இன்னிக்குத்தானே தெரியுது. இதுக்கு முன்னாடி என்னென்ன போச்சோ. பதினொண்ணு வந்தப்புறம் கூலி வாங்கிக்க.”

எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தேய்ப்பவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். மனைவி பின்கட்டில் கிளம்பிக்கொண்டிருந்தாள், அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் அவர் பக்கம்தான் பேசுவாள். ஆராதனைக்குப் போனோம், வந்தோம், சாப்பிட்டோம், வேலையைத் தொடங்கினேன்.

கார் நின்றது வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில். எஞ்சின் ஓடியது, ஆனால் நடுநடுவே விக்கியது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் ஒரு திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிப் பார்த்துச் சரியான இடத்தைப் பிடிக்க வேண்டும். எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரைக் கழற்றியிருந்தேன். வெளியே அடித்த புழுதி உள்ளே போனால் மூன்று வார வேலையும் வீண். ஆகவே கொட்டகைக் கதவு இரண்டையும் சாத்தினேன். கதவடியில் நாலு சாக்கு, ஜன்னலில் ஒரு சாக்கு. புகையைப் பற்றி யோசிக்காமல் இல்லை. பின்சுவரில் தண்ணீர் போக ஒரு செங்கல் அளவு துவாரம் உண்டு. புகைக்குழாயின் வாய் அதற்கு நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்தினேன். புகை அதன் வழியாக வெளியே போவதைக் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட்டேன்.

மனைவி ஓட்டுநர் இருக்கையில். ஒரு மிஷன் பள்ளியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு டீச்சர். ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் மிதித்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒன்றிலிருந்து அறுபது வரை உரக்க எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் எஞ்சின் எத்தனை தடவை விக்குகிறது என்று நான் சுவரில் சாக்பீஸால் கோடு போடுவேன். பிறகு திருகைத் திருப்பி மறுபடி. முதல் சுற்று பதினெட்டு கோடு. இரண்டாவது பதினான்கு. மூன்றாவது பதினொன்று. குறைந்துகொண்டே வந்தது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நான் குனிந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்ததில்தான் நேரம் போயிற்று.

நாலாவது சுற்றில் அவள் எண்ணினாள்: “முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொண்ணு...”

“முப்பத்தெட்டுக்கு அப்புறம் முப்பத்தொண்ணா? இப்படித்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கியா?”

“தலை விண்ணுவிண்ணுனு இருக்குங்க. போதும்.”

“இன்னும் ரெண்டு சுத்துதான். மேலூருக்குப் போகணும்னு சொன்னது நீதானே.”

பத்தொன்பது வருடத்தில் அவள் எண்ணி நான் தப்புக் கண்டதில்லை. அந்த ஒரு தப்பு போதும், எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கும் நெற்றிப்பொட்டில் வலித்தது. தகரக் கூரை, வெயில் என்று விட்டுவிட்டேன். அவள் மறுபடி தொடங்கினாள். இருபது வரை வந்தாள், பிறகு சத்தம் இல்லை. மிதி மட்டும் அப்படியே இருந்தது, எஞ்சின் ஒரே சீராக ஓடியது.

கோபம் என்று நினைத்தேன். அவள் கோபப்பட்டால் பேசமாட்டாள். ஒரு தடவை ஒன்பது நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். சரி, நானே மனதுக்குள் எண்ணிக்கொள்கிறேன் என்று எண்ணத் தொடங்கினேன். நிமிர்ந்து ஒரு தடவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

“சார், நான்தான் சார், தேய்க்கிறவன்.”

“அப்புறம் வா. புழுதி வருது.”

“நான் தேய்க்கிற பதினாலு வீட்லயும் கேட்டுட்டேன் சார், எங்கயும் கலக்கல. அம்மாதான காலையில துணிய உள்ள கொண்டுபோனாக? அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிர்றேன்.”

“அப்புறம் வான்னு சொல்றேன்ல.”

“தெருவுல நாலு பேரு கேட்டுட்டாக சார். இன்னிக்கே தெரியணும்.”

சாக்கைக் காலால் தள்ளி, கதவை ஓர் ஆள் அளவு திறந்து உள்ளே வந்துவிட்டார். நான் திட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மூக்கைச் சுருக்கினார். நேராகக் கார் ஜன்னலுக்குப் போனார்.

“அம்மா... அம்மா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அம்மா தூங்குறாகளா சார்?”

“இல்ல. கோவமா இருக்கா” என்றேன்.

இந்தச் சொல்லை நான் சொன்னேன். மனைவி உயிர் போய்க்கொண்டிருக்கும்போது, மூன்றடி தூரத்தில் திருப்புளியோடு நின்றுகொண்டு, கோவமா இருக்கா என்று சொன்னேன்.

அவர் மறுபடி காரின் பக்கம் திரும்பினார். பிறகு கார்க் கதவைத் திறந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டார். தலை தொங்கியது. போகிற போக்கில் கொட்டகைக் கதவை உதைத்துத் திறந்தார். “வண்டிய அமத்துங்க சார்.” இருக்கைப் பக்கம் போனேன். ஆயிரம் தடவை திருப்பிய சாவி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தடவித் தேடி அணைத்துவிட்டு வெளியே வந்தபோது முழங்கால் இரண்டும் மடங்கிவிட்டன. தவழ்ந்துதான் போனேன்.

வாசலில், நான் அஞ்சி அடைத்த அந்தக் காற்றுக்கு நேராக, அவளைப் படுக்கவைத்திருந்தார். முகம் சிவந்து, நல்ல ஆரோக்கியமாக இருப்பவள் போலத் தெரிந்தது. அதுதான் இன்னும் பயங்கரம். மூச்சு இருந்தது. நான் எண்ணினேன். ஐந்து, ஆறு, மறுபடி ஐந்து. எண்ண வரவில்லை எனக்கு.

“எண்ணாதீக சார், விசிறுங்க” என்றார். “கரிச்சட்டிய உள்ள வச்சுச் சாத்திப் படுத்தா இப்படித்தான் ஆகும். எங்க சித்தப்பாரு மழைக்குள்ள அப்படிப் படுத்தவருதான், எந்திரிக்கல. உள்ள வந்ததுமே தெரிஞ்சு போச்சு.”

ஞாயிறு மதியம், ஒரு வாடகை வண்டி கண்ணில் படவில்லை. கரிப்பெட்டியைத் தெருவில் இறக்கினார். வண்டி மேலிருந்த ஊர்த் துணி அத்தனையையும் எங்கள் வாசல் புழுதியில் தள்ளினார். அந்தப் பலகையில் அவளைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் தடுமாறினேன். காலையில் எட்டிப் பார்த்தவர்கள் இப்போதும் பார்த்தார்கள். அடுத்த தெரு டாக்டர் ஒரு ஊசி போட்டு, தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிராணவாயு வைத்தார்கள். ஆறு நாற்பதுக்குக் கண் திறந்தாள். இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று பெரிய டாக்டர் தொடங்கினார், முடிக்கவில்லை.

ஏழு மணிக்கு நர்ஸ் ஒரு பொட்டலத்தையும் சீட்டையும் என்னிடம் கொடுத்தார். நோயாளியிடம் இருந்தவை. எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். தாலிச் சங்கிலி ஒன்று. வளையல் நாலு. கைக்கடிகாரம் ஒன்று. சேலை ஒன்று. நீல ரவிக்கை ஒன்று.

நீல ரவிக்கை. கைப்பக்கம் தேய்த்த மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது. காலையில் துணியை உள்ளே கொண்டுபோனவள், ஆராதனைக்குக் கிளம்பும் அவசரத்தில், துணி அடுக்கிலிருந்து அதை உருவிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பிறகுதான் நான் எண்ணினேன். ஆராதனையில் அதோடுதான் என் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். நாள் முழுவதும் என் கண்முன்தான் இருந்தது.

மூன்று வருடம் அதைத் தேய்த்தவர், அவளைத் தோளில் தூக்கியவர், கண்டிருக்க மாட்டாரா? ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலை கொட்டகைக்குள் போனேன். சுவரில் என் சாக்பீஸ் கோடுகள். முதல் மூன்று வரிசையும் அச்சடித்ததுபோல் நேராக இருந்தன. நாலாவது சரிந்து கீழே இறங்கியது. ஐந்தாவது சுவரை விட்டு விலகிக் காரின் மட்கார்டு மேல் ஏறியிருந்தது. நான் ஐந்தாவது வரிசை போட்டதாகவே எனக்கு நினைவில்லை. முந்தின நாள் தேய்ப்பவர் வராமல் இருந்திருந்தால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் எடுத்திருப்பார்கள். பின்னால் மெக்கானிக் வந்து பார்த்து, பழைய காஸ்கெட்டில் ஒரு விரிசலைக் காட்டினார். அந்த வழியாகக் கசிந்த விஷ வாயு தரை ஓட்டைகளின் வழியே நேரே இருக்கைக்கு ஏறியிருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லையாம். நான் கண்ணால் பார்த்தது பின்னால் போன புகையை மட்டும்.

அன்று காலை தெருமுனையில் தேய்ப்பவர் முந்தைய நாள் கொட்டிய துணிகளையே மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவையாக நீங்கள் என்று கூப்பிட்டேன். ரவிக்கை விஷயத்தைச் சொன்னேன்.

“தூக்கும்போதே பாத்துட்டேன் சார். அதைச் சொல்ற நேரமா அது? அம்மாவுக்கு எப்படி இருக்கு?”

எதிர்வீட்டுக்காரர் தன் துணிக்காக அங்கே நின்றார். அவர் காதில் விழும்படி, தப்பு என்னுடையது என்று சொன்னேன். நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். தேய்ப்பவர் பெட்டியைத் துணிமேல் ஓட்டிக்கொண்டே வேண்டாமென்று தலையாட்டினார்.

“அது எதுக்கு? நான் வந்தது என் கணக்குக்கு. துணிக் கூலியக் குடுங்க, போதும்.”

எவ்வளவோ மன்றாடினேன், வாங்கவில்லை. ஒரு துணிக்குப் பத்துக் காசு. எண்ணிக் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஞானஸ்நானத்துக்குப் பஸ்ஸில் போனோம். என் மனைவி இப்போதும் அடுத்த அறையில் இருக்கிறாள், இதை எழுதும்போதே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். அவள் பேசாமல் இருந்தால் எழுந்துபோய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை எனக்கு. அன்று அவள் உயிரைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் கொடுத்த மொத்தத் தொகை, பதினோரு துணிக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு.