கருவாட்டுக் கொடியில் தொங்கிய சி.டி.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற தொழிலில் மெஷின் சொல்வதைப் புரிந்துகொள்வது பாதி வேலை, அதைக் கொண்டுவந்தவருக்குப் புரியவைப்பது மீதி வேலை. மாமல்லபுரத்தில் நான் கடை வைத்திருந்த காலத்தில் அந்த மீதிதான் என் உயிரை வாங்கியது. திரையில் வந்த ஒரு வரியைப் பார்த்து மெஷினையே அணைத்துவிட்டவரா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

யாரும் போடாத பூட்டு

அணுபுரத்திலிருந்து ஒரு சார் பழைய லேப்டாப்போடு வந்தார். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தது. மகனின் பாடப்புத்தகத்தோடு வந்த சி.டி.யைப் போட்டால், 'இதில் எழுத முடியாது, படிக்க மட்டும்தான்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறதாம். யாரோ உள்ளே புகுந்து பூட்டிவிட்டார்கள் என்று அவருக்குப் பயம்.

அந்த மாதிரி சி.டி.யில் யாராலும் எழுத முடியாது, அதைத்தான் மரியாதையாகத் தெரிவிக்கிறது என்றேன். சமாதானமாகிப் போனவர், புது லேப்டாப் வாங்கியதும் பழசை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். "தப்பே இல்லாததுக்கு இத்தனை பேச்சுப் பேசுற மெஷின் எனக்கு வேண்டாம் தம்பி, நீயே வச்சுக்கோ."

இருக்கிறது, இல்லை

பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிற செல்வி ஒருநாள் தன் கல்யாண சி.டி.யைக் கொண்டுவந்தாள். கடல் ஊருக்குள் வந்தபோது ஆல்பம் போய்விட்டது. ஊரப்பாக்கத்தில் தங்கை வீட்டில் இருந்த இந்த ஒன்றுதான் மிச்சம். கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தபோது மகள் கைக்குழந்தை. அப்பா எப்படிப் பேசுவார் என்று இப்போது அவள் கேட்கிறாளாம்.

எங்கள் பக்கம் கருவாடு காயும் இடத்தில் பழைய சி.டி.களைக் கொடியில் கோத்துத் தொங்கவிடுவார்கள். அவை மினுங்கினால் காக்காய் கிட்டே வராது. தங்கை வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த இதையும் செல்வியின் மாமியார் விவரம் தெரியாமல் கோத்துவிட்டார். பல வாரம் வெயில், உப்புக்காற்று. ஸ்டூடியோவில் பதிவு செய்து தருகிற சி.டி.க்கு வெயில் ஆகவே ஆகாது.

என் கடை கம்ப்யூட்டர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாயே திறக்காமல் நின்றுவிட்டது. லினக்ஸ் லேப்டாப்பில் போட்டேன். 'உள்ளே டிஸ்க் இல்லை' என்றது. செல்விக்கு வந்ததே கோபம்! "இன்னாண்ணா, உன் கண்ணு முன்னாலதான வச்சோம், இல்லன்னா இன்னா அர்த்தம்?"

திட்டு மாறியது

'இல்லை' என்றால் காணோம் என்று அர்த்தமில்லை, தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இது புரிய எனக்கே ரொம்ப நாள் ஆயிற்று. சி.டி.யைக் கழுவினேன். நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன். அதே பதில். சி.டி. படிக்கிற டிரைவ் ஒவ்வொன்றுக்கும் கண் கூர்மை வேறு. கடைசியில், செத்துப்போன வேறொரு லேப்டாப்பின் டிரைவைக் கழற்றி இதில் மாட்டினேன்.

திரை முழுக்க, 'இங்கே படிக்க முடியவில்லை, இங்கே படிக்க முடியவில்லை' என்று வரிகள் கொட்டின. செல்வியின் முகம் செத்துவிட்டது. எனக்கோ துள்ளிக் குதிக்கத் தோன்றியது. சில இடத்தில் படிக்க முடியவில்லை என்றால், டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது, மற்ற இடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? செல்வி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவ்ளோ திட்டு வாங்கிகினு சிரிக்கிற, உனுக்கு இன்னா ஆச்சு?"

பந்தி

கெட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி நகலெடுக்க விட்டேன். சாயங்காலம் வரை ஓடியது. மாலை மாற்றுவது, தாலி கட்டுவது எதுவும் தேறவில்லை. பந்தியில் கொஞ்சம் மட்டும் வந்தது. இலை முன்னால் உட்கார்ந்த மாப்பிள்ளை கேமராக்காரரைப் பார்த்து, "யோவ், சும்மா புட்ச்சிகினே கீற, சோறு துன்ன வுடுய்யா" என்கிறார். அவ்வளவுதான்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. முக்கியமானது போய்விட்டதே என்று இழுத்தேன். செல்வி அதைக் காதில் வாங்கவில்லை. அந்த இடத்தையே மறுபடி மறுபடி போடச் சொன்னாள். சிரித்தாள், அழுதாள். "தாலி கட்டசொல்லோ மேளந்தான்ணா கேக்கும். இதுலதான் அவுரு பேசறாரு."

அன்று முதல், வாயே திறக்காத டிரைவைவிட வாய் ஓயாமல் புலம்புகிற டிரைவின் மேல்தான் எனக்கு நம்பிக்கை.