ஏற்றத்தில் உதறிய வண்டி

காதுக்காரரிடம் வண்டியை விட்டால் அது பிழைத்துவிடும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவருடைய சொந்தப் பேர் பாதிப் பேருக்குத் தெரியாது. காதுக்காரர் பட்டறை எங்கே என்று கேட்டால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். தகரக் கூரை, நடுவில் ஆள் இறங்கி நின்று வேலை பார்க்கிற பள்ளம், சுவரெல்லாம் ஸ்பேனர். இவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். பிறகு கண்ணைத் திறந்து, "ரெண்டாவது சிலிண்டர்" என்பார். அவிழ்த்துப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தப் புகழில் பாதி நிஜம். மீதிப் பாதி எங்கிருந்து வந்தது தெரியுமா? பயத்திலிருந்து. ஆமாம், மனிதருக்கு ஓடுகிற காரில் உட்காரப் பயம். கார் மெக்கானிக்குக்குக் காரில் ஏறப் பயம் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் அவருக்கு வந்த மாதிரி உங்களுக்கு வந்திருந்தால் தெரியும்.

வண்டியைச் சரிசெய்ததும் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது எந்த மெக்கானிக்குக்கும் வழக்கம். இவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் போவார். ஒருநாள் ஏதோ அவசரத்தில் இன்ஜினை மூடுகிற பானெட்டைச் சரியாக அழுத்தி மூடாமல் கிளம்பிவிட்டார். பாலத்தின் நடுவில் வேகம் பிடித்தபோது காற்று அதைப் பிடுங்கித் தூக்கி, முன் கண்ணாடியில் அறைந்தது. ரோடு இல்லை, வானம் இல்லை, எதிரே வெறும் தகரம். குருட்டாம்போக்கில் பிரேக்கை மிதித்து எப்படியோ நிறுத்தினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. எலும்பு முறிந்திருந்தால் ஊரே வந்து பார்த்திருக்கும், பழம் வாங்கிக் கொடுத்திருக்கும். ஒன்றும் ஆகாதவனைப் பார்த்து யார் உச்சுக்கொட்டுவார்கள்? அடுத்த தடவை சாவியைத் திருப்பியவர் உடனே அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். அதற்கடுத்த தடவை கதவைத் திறக்கவே கை வரவில்லை.

அன்றிலிருந்து ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது அவர் மனைவியின் வேலை ஆனது. அவள் கல்யாணத்துக்கு முன்பு ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டியவள். வேன் பழுதாகிப் பட்டறைக்கு வந்த வகையில்தான் இருவருக்கும் பழக்கமே. இப்போது பட்டறையின் ஒரு மூலையில் உதிரி சாமான்களைக் கவனித்துக்கொள்கிறாள். ஓட்டிப் பார்க்க வேண்டிய வண்டி வந்தால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து சீட்டில் வைப்பாள். இவர் பட்டறையில் நின்றபடி இன்னொரு போனைக் காதில் ஒட்டிக்கொண்டு, "மூணாவது போடு. மிதி. விடு. மறுபடி மிதி" என்று சொல்லிக் கேட்பார். வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்தார்கள். "உள்ள உட்கார்ந்தா காது குழம்பிடும், தள்ளி நின்னு கேட்டாத்தான் பிடிபடும்" என்று அவர் ஒரு சாக்குச் சொல்லிவைத்தார். பொய் சொன்ன வாய்க்குப் பேர் கிடைத்தது. மனைவியிடம்கூட அவர் பயம் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நர்ஸம்மாவின் வண்டி வரும் வரையில்.

நர்ஸம்மா மேட்டுப் பக்கத்துக் குடியிருப்புகளுக்கெல்லாம் போய்ப் பிரசவம் பார்க்கிறவர். அவர் வண்டி ஏற்றத்தில் மிதித்தால் உதறுகிறது, இழுக்க மாட்டேன் என்கிறது. முதல் தடவை வந்தபோது பிளக் மாற்றினார் காதுக்காரர். இரண்டாவது தடவை பெட்ரோல் பில்டரை மாற்றி, காயிலையும் வயர்களையும் பார்த்தார். மூன்றாவது தடவை நர்ஸம்மா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இங்க நிக்கும்போது பசுமாடு மாதிரி நிக்குது. ஏத்தத்துல ஏறினா குளிர் காய்ச்சல் வந்தவன் மாதிரி உதறுது. நேத்து பின்னாடி வந்தவன் என்னை இடிச்சிருப்பான்."

"இங்க ஒண்ணும் காட்ட மாட்டேங்குதேம்மா."

"என்கிட்ட வர்றவங்களும் அப்படித்தான். வீட்ல உயிர் போகுதுன்னு கத்துவாங்க, நான் போய்க் கையைப் பிடிச்சா வலிக்கலைம்பாங்க. அதுக்காக நான் திரும்பி வந்துடுறேனா? கூடவே உட்கார்ந்திருப்பேன்."

காதுக்காரருக்குச் சுருக்கென்றது. அந்தம்மா குத்திச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? அவர் போய் இன்ஜினை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக்கொண்டார். மிதித்தால் சீராக உறுமியது. விட்டால் சீராக அடங்கியது. மனைவியை உள்ளே உட்காரவைத்து, கியரைப் போட்டு, பிரேக்கைப் பிடித்து, கிளட்சைப் பாதி விடச் சொல்லிப் பார்த்தார். வண்டி அணைந்துபோனதே தவிர உதறவில்லை. பாரம் இழுக்கும்போது மட்டும் வருகிற நோய், சும்மா நிற்கும்போது எப்படித் தெரியும்?

"நான் ஏத்தத்துக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றாள் மனைவி. ஏற்றம் பட்டறையைத் தாண்டினதுமே தொடங்கிவிடுகிறது. வளைந்து வளைந்து மேலே போகிற ரோடு. நாள் முழுக்க லாரிகள் போய்வரும்.

வழக்கம்போல போன் சீட்டில். வழக்கம்போல இவர் காதில் இன்னொன்று. நர்ஸம்மா நாற்காலியிலிருந்து வேடிக்கை பார்த்தார்.

"ரெண்டாவதுல போறேன்" என்று மனைவியின் குரல் வந்தது. "ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் போகுது."

"மூணாவது போடு."

"போட்டாச்சு. லேசா உதறுதுங்க. முன்னாடி தண்ணி லாரி ஒண்ணு ஊர்ந்து போகுது, அதனால மிதிக்க முடியல."

காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டது. இன்ஜினின் சத்தத்துக்கு அடியில் மெல்லிசாக ஒரு இரைச்சல், பல் இடுக்கில் காற்றை உறிஞ்சுகிற மாதிரி. வந்தது, போனது. இத்தனை நாள் தேடியது அதோ இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பாரம் விழுந்தால் பிடித்துவிடலாம்.

"லாரியைத் தாண்டு" என்றார். "ரெண்டாவதுக்கு வந்து முழுசா மிதி. அப்பத்தான் தெரியும்."

அவள் ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தம் ஏறியது. அந்த இரைச்சல் இப்போது நன்றாகக் கேட்டது. கூடவே டடக் டடக்கென்று இன்ஜின் திக்கியது. "கேக்குது, கேக்குது. விடாத, மிதி" என்றார் காதுக்காரர். அவள் மறுபடி ஏதோ சொன்னாள். அவர் ஒரு விரலால் மறு காதைப் பொத்திக்கொண்டார். "இன்னும் மிதி."

அப்புறம் ஒரு ஹார்ன். லாரி ஹார்ன், விடாமல், பக்கத்தில் வரவரப் பெரிதாகிக்கொண்டே. டயர் தேய்கிற சத்தம். எதன்மீதோ எதுவோ விழுந்த சத்தம். பிறகு போனில் ஒன்றுமே இல்லை.

அவர் திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்தது, எடுப்பாரில்லை. இன்னொரு தடவை அடித்தார். அப்போதும் இல்லை. நர்ஸம்மா எழுந்து, "என்னண்ணே? என்ன ஆச்சு?" என்றது எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. பட்டறை வாசலில் சரிசெய்து முடித்த இரண்டு வண்டிகள் சாவியோடு நின்றன. ஒன்றில் ஏறினால் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடலாம். அவர் கை கதவுப் பிடிவரை போனது. திறக்கவில்லை. பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாளோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதும் அந்தப் பாழாய்ப்போன கை திறக்கவில்லை. அவர் ஓடினார்.

தொப்பை போட்ட மனிதர். ரப்பர் செருப்பு ஒன்று முதல் வளைவிலேயே கழன்று போனது. இறங்கி வந்த லாரிக்காரன் ஒருவன் ஜன்னல் வழியே தலையை நீட்டி யாரையோ திட்டிக்கொண்டு போனான். யாரைத் திட்டுகிறான்? உயிரோடு இருக்கிறவளைத்தானே திட்டுவான்? அந்தத் திட்டை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓடினார். மூச்சு நெஞ்சுக்குள் குத்தியது. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டார். ரோட்டில் கண்ணாடிச் சில்லு கிடக்குமோ என்று பார்க்கவும் பயம், பார்க்காமலிருக்கவும் பயம்.

இரண்டாவது வளைவைத் தாண்டியதும் வண்டி தெரிந்தது. ஓரத்துச் சுவரை ஒட்டி, முகம் மேலே பார்க்க நின்றது. நசுங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரை வைத்துக்கொண்டு மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நேராக அவளிடம் போகவில்லை. போய் என்ன கேட்பது, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த வேலைதான் கைக்கு வந்தது. பக்கவாட்டில் நின்று பானெட்டைத் தூக்கினார்.

வண்டி கியரிலேயே இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்திருந்தாள். கிளட்சில் இருந்த அவள் கால் நடுங்கி நடுங்கி விடுவதும் அழுத்துவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை கால் தளரும்போதும் இன்ஜின் பின்பக்கமாகச் சாய்ந்தது. சாயும்போது, காற்று போகிற தடித்த ரப்பர் குழாயின் அடி மடிப்பு வாயைத் திறந்தது. ஸ்ஸ் என்று உறிஞ்சியது. நேரே வந்ததும் மூடிக்கொண்டது. விரலை விட்டுத் தடவினார். கீழ்ப்பக்கம் பாதி வட்டத்துக்கு வெடிப்பு. பட்டறையில் சும்மா ஓடும்போது இன்ஜின் சாய்வதில்லை, வெடிப்பும் திறப்பதில்லை. பாரம் இழுத்தால் சாயும், கண்ட காற்றும் உள்ளே புகும், வண்டி உதறும், இழுக்காது. அவ்வளவுதான் விஷயம்.

ஜன்னல் பக்கம் ஓடினார். "கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் மூச்சு வாங்க. "குழாய்தான். அடியில வெடிச்சிருக்கு."

அவள் திரும்பவில்லை. அவர் கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றதும் ரோடு அமைதியானது. சீட்டுக்கு அடியில் எங்கேயோ விழுந்து கிடந்த போன் அடித்துக்கொண்டிருந்தது, பட்டறையிலிருந்து நர்ஸம்மாவாகத்தான் இருக்கும்.

"நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

"என்ன சொன்ன?"

"வளைவு வருதுன்னு சொன்னேன். எதிர்ல லாரின்னு சொன்னேன். வண்டி இழுக்கல, தண்ணி லாரியைத் தாண்டி நம்ம பக்கம் வர முடியலன்னு சொன்னேன். நீங்க மிதின்னீங்க."

அவர் யோசித்துப் பார்த்தார். காதுக்குள் தேடிப் பார்த்தார் என்று சொன்னாலும் தகும். இன்ஜினின் ஒவ்வொரு திக்கலும் இருந்தது, அந்த இரைச்சல் இருந்தது, அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. பொய் சொல்ல நினைத்தார். முடியவில்லை.

"கேக்கலம்மா" என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். கதவைத் திறந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"கீழ கொண்டு போங்க."

"நானா?"

"என்னால முடியாது. கால் நிக்க மாட்டேங்குது."

"நர்ஸம்மாகிட்ட போன்ல சொல்லி யாரையாவது..."

"இது இறக்கம்தானே. உதறாது."

அவர் ரோட்டில் ஒற்றைச் செருப்போடு நின்றார். மேலிருந்து ஒரு லாரி இறங்கிப் போனது, அந்தக் காற்றில் சட்டை படபடத்தது. "எனக்குப் பயமா இருக்கு" என்றார். இத்தனை வருஷமாகச் சொல்லாத வார்த்தை, எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று அவருக்கே ஆச்சரியம்.

"தெரியும்" என்றாள். "எனக்கும்தான். ஒவ்வொரு தடவையும். நடுவழியில நிக்கிற வண்டி, பிரேக் பிடிக்காத வண்டி, ஸ்டியரிங் இழுக்கிற வண்டி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு நான் என்ன உல்லாசப் பயணமா போனேன்? நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவாள், போவாள், வருவாள். சூரியன் உதிப்பது மாதிரி அது நடந்துகொண்டிருந்தது.

குழாயின் வெடிப்பைக் சட்டைப் பையில் கிடந்த டேப்பால் சுற்றினார். பானெட்டை மூடி, மேலே பிடித்து இழுத்துப் பார்த்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி இழுத்தார். அதற்கு மேல் செய்வதற்கு வெளியே வேலை இல்லை. ஏறி உட்கார்ந்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. சாவியைத் திருப்பினார். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார்.

வண்டியைத் திருப்புவதற்குள் இரண்டு பக்கமும் ஹார்ன் அடித்தார்கள். முதல் கியரில், நத்தை மாதிரி இறக்கத்தில் இறங்கினார். பின்னால் வரிசை சேர்ந்தது. ஒருவன் தாண்டிப் போகும்போது, இவனுக்கெல்லாம் யார் வண்டி கொடுக்கிறாங்க என்று கேட்டுவிட்டுப் போனான். கேட்டுக்கொள்ளட்டும். இரண்டாவது வளைவு வந்தது. சுவர் மறைத்தது, அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

"எதிர்ல ஏதாவது வருதா பாரு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள் மனைவி. "நான் கண்ணை மூடிக்கிட்டிருக்கேன்."

அவர் ஹார்னை அழுத்தியபடியே வளைவில் திரும்பினார்.