இரண்டு முறை அறிவித்த இயந்திரங்கள்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் ‘பட்ஜெட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அரசாங்கத்திடமும் கட்சிகளிடமும் காசு வாங்காத சின்ன ஆய்வு மையம் அது. ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி. நிதியமைச்சர் உரையை முடித்ததும் ஊரே புது அறிவிப்புகளைப் பேசும். அவள் மட்டும் போன வருடம் அறிவித்ததில் எது நடந்தது என்று தேடுவாள்.

அந்த வருடம், அரசு மருத்துவமனைகளுக்குப் புதிய டயாலிசிஸ் இயந்திரங்கள் என்று அமைச்சர் படித்ததும் அவையில் மேசையைத் தட்டினார்கள். அவள் பழைய உரையை எடுத்துப் புரட்டினாள். அதே இயந்திரங்கள் போன வருட உரையிலும் இருந்தன. ஒதுக்கிய பணத்தைப் பாதி வருடத்தில் சத்தமில்லாமல் வேறு செலவுக்குத் திருப்பியிருந்தார்கள். அவளுடைய தங்கைக்கும் அப்படியொரு மருத்துவமனையில்தான் டயாலிசிஸ். இயந்திரங்கள் பழுதானதால் வாரத்துக்கு மூன்று முறை என்பது இரண்டாகிவிட்டிருந்தது.

அறிக்கை எழுதினாள். தங்கையைப் பற்றி ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அதை அவையில் தூக்கிக் காட்டினார். “நீங்க இருந்தப்ப மட்டும் வாங்கினீங்களா?” என்று அமைச்சர் கேட்க, இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அதோடு சரி. தொலைக்காட்சி விவாதத்தில் அவள் வாயைத் திறந்ததும் விளம்பர இடைவேளை வந்துவிட்டது.

பொறுக்கமாட்டாமல் நிதித்துறை அதிகாரிக்குப் போன் போட்டாள்.

“அறிக்கை பிரமாதம் மேடம். செயலாளரே அடிக்கோடு போட்டுப் படிச்சார்.”

“மெஷின் எப்ப சார் வரும்?”

“அது சுகாதாரத் துறை மேடம். அங்க கேளுங்க.”

சுகாதாரத் துறையில் கேட்டால், நிதித்துறை பணம் விடவில்லை என்றார்கள்.

மாலையில் வார்டுக்குப் போனாள். தங்கையின் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

“டிவியில எல்லாம் வர்றீங்க அக்கா, யாரையாவது பிடிச்சு இவளுக்கு இன்னொரு டர்ன் வாங்கிக் குடுங்களேன்” என்றார் தங்கை வீட்டுக்காரர்.

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். “யாரோட டர்னைத் தம்பி பிடுங்கச் சொல்றீங்க?” என்றாள்.

“அக்காவை விடுங்க. கண்டுபிடிக்கிறதுதான் அவ வேலை. குடுக்கிற ஆளு வேற” என்று தங்கை சிரிக்கப் பார்த்தாள்.

அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே தங்கை போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் தங்கையின் கணவர் அலுவலகப் படியேறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“முன்னாடியே தெரிஞ்சும் ஒண்ணும் பண்ண முடியாதா அக்கா?”

அதில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றாள்.