வெள்ளாமை வெட்டித் தாறம்

எனக்கு வேலை கொடுத்தது கடல். இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஊர் கிரான் பக்கம், கடலுக்கு எட்டத்தில். சுனாமி எங்கள் வயலைத் தொடவில்லை. கரையோரத்தில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க வந்த ஒரு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. கொட்டில் கொட்டிலாகப் போய், உங்கள் வீட்டில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர் என்று கேட்டு எழுதுவேன். பதில் சொல்ல முடியாமல் அழுகிறவர்களுக்கு முன்னால் பேனையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். மாதம் முடியச் சம்பளம் வந்துவிடும்.

வேலை சில வருசம் நீண்டது. அந்தச் சம்பளத்தை நம்பி லீசிங்கில், மாதத் தவணைக்கு, ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தேன். என் அக்கா பள்ளிக்கூட ஆசிரியை, அரசாங்கச் சம்பளக்காரி. அவள்தான் பிணை நின்றாள். நான் கட்டத் தவறினால் அவளுடைய சம்பளத்தில் வெட்டலாம் என்பதும் அந்தக் கையெழுத்துக்குள் இருந்தது. "வாசிச்சிப்போட்டுப் போடுங்க அக்கா" என்றேன். "உன்ன எனக்குத் தெரியாதா?" என்று போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

சண்டை முடிந்தது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின, எங்களுடையதும் போனது. குண்டுச் சத்தம் நின்று சனம் நித்திரை கொள்ளத் தொடங்கிய நேரத்தில், எனக்கு வேலை போய்விட்டது என்று யாரிடம் போய் அழுவது? வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

முதல் மாதத் தவணை தவறியதும் லீசிங் கம்பனியில் இருந்து ஒருவர் வந்தார். மரியாதையான ஆள், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கதைத்தார். நான் தேத்தண்ணி கொடுத்துச் சொன்னேன்: "வெள்ளாமை வெட்டித் தாறம் தம்பி. மொத்தமாத் தாறம்." அவர் தலையை ஆட்டினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

நெல் அறுத்ததும் கடனைத் தீர்ப்போம் என்பது வயல்காரச் சனத்துக்கு ஒரு சத்தியம். உரக் கடைக்கும் சாமான் கடைக்கும் உழவு மெசினுக்கும் அந்த ஒரு சொல்தான். வெள்ளாமை வெட்டுகிற வரைக்கும் யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள், வந்து கேட்டால் அதுதான் அவமானம். நெல் வீட்டுக்கு வந்த பிறகும் கொடுக்காதவனைத்தான் கடன்காரன் என்போம். லீசிங்காரர் அடுத்த மாதமும் வந்து தலையாட்டிப் போனார். பிறகு வரவில்லை. நல்ல மனுசன், விளங்கிக்கொண்டார் என்று நான் நினைத்தேன். என்னைவிடப் பெரிய மடைச்சி இந்த மட்டக்களப்பில் இருந்திருக்க மாட்டாள்.

அந்த முறை எங்கள் வயல் வட்டை முழுவதும் நல்ல விளைச்சல். நெல் விற்ற காசோடு நிமிர்ந்துகொண்டு டவுனில் லீசிங் கம்பனிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "பிணையாள்ட சம்பளத்தில வெட்டிக்கொண்டு வாறமே அக்கா, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். வெளியே வந்து வாவிக்கரையில் குந்திவிட்டேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

அக்கா முற்றத்தில் நெல் கிளறிக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லல்ல அக்கா?"

"என்னத்தச் சொல்லுற? நீ வெள்ளாமை வெட்டித் தருவாய்தானே எண்டு இருந்தன்."

அவளும் நான்தான். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே வயல் சோற்றைத் தின்றவர்கள். அவளுடைய சம்பளத்தில் வெட்டின காசையெல்லாம் அவளிடம் எண்ணிக் கொடுத்தேன். அவளும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிந்திய தவணைக் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தோம்.

தீரவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. அக்காவின் மகளுக்கு ஆரையம்பதியில் ஒரு பொடியனைப் பேசியிருந்தார்கள். வீடு எழும்பியதும் நாள் வைப்பது என்று முடிவு. அந்த வீட்டுக்காக அக்கா பாங்கில் கடன் கேட்டாள், கிடைக்கவில்லை. என் தவணைகள் பிந்தியது பாங்குகள் பார்க்கிற கடன் பதிவில் அவளுடைய பெயரிலும் பதிந்திருந்தது.

நானே பாங்குக்குப் போனேன். "அக்காவுக்குக் குடுக்க வேண்டியதக் குடுத்திட்டனே, ஐயா."

"குடுத்தது சரி. பிந்தினதும் பிந்தினதுதான்" என்றார் அதிகாரி. "லீசிங்கில மிச்சத் தவணையெல்லாத்தையும் மாசம் தவறாமக் கட்டி முடிங்க. அதுக்குப் பிறகு அக்காட கடனப் பாப்பம்."

மிச்சம் இரண்டு வருசத்துக்கு மேல் கிடந்தது. மாதச் சம்பளம் இல்லாத நான் மாதக் கடன் கட்ட வேண்டும். அடுத்த வெள்ளாமையில் வியாபாரியின் லொறி வாசலுக்கு வந்தபோது, பாதி நெல்லைக் கொடுக்க மாட்டேன் என்று மூடைகளுக்கு முன்னால் நின்றேன். "பைத்தியமா உனக்கு? வீட்டுக்குள்ள எலியா வளக்கப் போறாய்?" என்று கணவர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டேன். நாங்கள் படுக்கிற அறையில் மூடைகளை அடுக்கினேன். மாதா மாதம் கொஞ்சம் எடுத்து அவித்து, காயவைத்து, மில்லில் குத்தி, அரிசியாக்கிச் சந்தையில் விற்றேன். மழைக்காலத்தில் நெல் காயாது. அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காயவைத்தேன். புகையில் கண் எரியும். அழுகிறேனா புகையா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தவணை ஒன்றும் பிந்தவில்லை.

ஆரையம்பதியார் ஒரு சித்திரை வருசம் பொறுத்தார்கள். இரண்டாவது சித்திரைக்குப் பிறகு வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். செய்தி வந்த அன்று அக்கா என் வீட்டுக்கு வந்து, அவித்த நெல்லை என்னோடு சேர்ந்து பாயில் பரப்பிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கடைசித் தவணையும் கட்டி முடிந்தது. அதிகாரி சொன்ன சொல் தவறாமல் அக்காவுக்குக் கடன் கொடுத்தார். வீடும் எழும்பியது. அக்காவின் மகள் படித்து ஆசிரியையானாள், கலியாணப் பேச்சை எடுக்க விடுவதில்லை. அந்த வீட்டுக் கடனை இப்போது அவள்தான் கட்டுகிறாள்.

போன மாதம் அவளுக்குக் கடும் காய்ச்சல். பார்க்கப் போன என் கையில் காசைத் தந்து பாங்கில் கட்டச் சொன்னாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

"இண்டைக்கு உனக்குப் பக்கத்தில இருக்கன் மனே. நாளைக்குக் கட்டுவம். ஒரு நாள்தானே?"

"இண்டைக்கே போங்க சின்னம்மா" என்றாள், கண்ணைத் திறக்காமல். "பிந்தினா ஒருத்தரும் பாத்துக்கொண்டு இருக்கமாட்டாங்க."

என்னைக் குத்துவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நான் காசை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.