இடது முன்சக்கரம்

பட்டறைத் தெருவில் அவனுக்குத் 'தட்டு' என்று பெயர். கழற்றும் ஒவ்வொரு திருகையும் ஒரு காந்தத் தட்டில் ஒட்டி வைப்பான். இருபது வருஷத்தில் ஒரு நட்டு தொலைந்ததில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவனுக்கோ அதில் உள்ளூரப் பெருமை.

அன்று காலை பத்தரைக்கு அக்காவின் கார் வந்து நின்றது. அவள் கதவைச் சாத்திய வேகமே சேதி சொல்லிவிட்டது.

"மூணாவது தடவைடா. அதே மேட்டு வளைவு. டேஷ்போர்டுல மஞ்ச விளக்கு எரிஞ்சுது, வண்டி இழுக்காம அப்படியே சொணங்கிப் போச்சு. பின்னால லாரி. ஒரு முழம்கூட இடைவெளி இல்ல. நல்லவேளை, நேரத்தோட கிளம்பினேன். திருப்பிக்கிட்டு வந்துட்டேன்."

மாமா மெல்ல இறங்கினார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதர். வாரம் மூன்று நாள் மேட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். போன முறை இந்த வண்டியால் தவறிப்போயிற்று. கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்திருந்தது. இன்று இரண்டு மணிக்கு அங்கே அவருக்குப் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். இன்றும் தவறினால் நெஞ்சில் நீர் ஏறிவிடும்.

"மச்சான், நீ போன வாரம் மாத்தின சென்சார் பிரமாதம்," என்றார் நாற்காலியில் உட்கார்ந்தபடி. "விளக்கு முன்னைவிடப் பளிச்சுனு எரியுது." சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"வாடகை வண்டி?" என்று அக்காவிடம் கேட்டான்.

"நாலு பேருக்கு அடிச்சாச்சு. மழையில மேட்டுக்கு எவனும் வரமாட்டேங்கிறான். ஏண்டா, வண்டியை இழுக்கவிடாம பண்ணுதே அந்த வழுக்கல் தடுப்பு, பட்டனை அமுக்கி அதை அணைச்சிட்டுப் போயிடட்டுமா?"

"வேணாங்கா. அதே சக்கர வேகக் கணக்கை வச்சுத்தான் பிரேக்கும் வேலை செய்யுது. இறக்கத்துல பிரேக் நழுவிடும்."

 அக்கா கணவரின் சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, முதுகுக்குப் பின்னால் தன் பையை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

கோளாறு காட்டும் கருவியை வண்டியில் மாட்டினான். பழைய பல்லவிதான்: இடது முன்சக்கர வேகம் சரியில்லை. சென்சார் புதுசு. ஒயரை விரல்விரலாக நீவிப் பார்த்தான், எங்கும் பழுதில்லை. மணி பதினொன்று.

சக்கரத்தைத் தூக்கி, சென்சார் ஒயரில் மீட்டரை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினான். சக்கரம் சுழலும் பேரிங்கின் ஒரு முகத்தில் கறுப்பு ரப்பர் போல ஒரு வளையம் உண்டு. அதில் கண்ணுக்குத் தெரியாத பொடிக் காந்தங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் கடக்கும்போது மீட்டரில் எண் துள்ள வேண்டும். துள்ளியது, துள்ளியது, துள்ளியது. ஓரிடத்தில் சும்மா இருந்தது.

டயரில் சாக்பீஸால் கோடு போட்டான். மறுபடி சுற்றினான். கோடு அதே இடத்துக்கு வந்ததும் எண் உறங்கியது. மூன்றாம் சுற்றிலும் அப்படியே.

ஒயர் கெட்டிருந்தால் இப்படி இடம் பார்த்துக் கெடாது. வளையத்தில் ஒரு பக்கம் காந்தம் செத்திருக்கிறது. அதனால் இந்தச் சக்கரம் தயங்குவதாகவும், வலது பக்கச் சக்கரம் வழுக்கிச் சுற்றுவதாகவும் வண்டி நினைக்கிறது. வழுக்கலை நிறுத்த இன்ஜினின் இழுவையைக் குறைக்கிறது. அதுவும் மேட்டில், மெதுவாகப் போகும்போது.

ஒரு மாதத்துக்கு முன் அந்த பேரிங்கைப் போட்டவன் அவனேதான். புதுப் பெட்டியைப் பிரித்து எங்கே வைத்தோம் என்று யோசித்தான். யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. எதையும் வைக்கும் இடத்தில்தான் வைத்தான். தட்டில். பெரிய காந்தத்தின்மேல் அரைமணி நேரம் கிடந்தால் பொடிக் காந்தங்கள் என்ன ஆகும்?

 மட்டமான சாமான் என்று சொல்லிவிட்டால் ஒருவரும் குறுக்குக் கேள்வி கேட்கப்போவதில்லை. நாற்காலியிலிருந்து மாமாவின் மூச்சு கரகரவென்று கேட்டது.

"அக்கா, நான்தான் கெடுத்திருக்கேன். பேரிங்கைக் காந்தத் தட்டுல வச்சிட்டேன்."

அக்கா அவனை ஒரு கணம் பார்த்தாள். "உன்னை நம்பித்தான் இவரை உட்காரவச்சு ஓட்டினேன்." அவ்வளவுதான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். "முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"அப்ப கையைப் பாரு. திட்டுறதை ராத்திரி வச்சுக்கிறேன்."

அடுத்த தெருக் கடையில் அந்த அளவு பேரிங் இருந்தது. அக்காவே ஓடிப்போய் வாங்கிவந்தாள். அவன் அதை மரப்பலகைமேல் துணி விரித்து வைத்தான். பழையதை அழுத்தும் மெஷினில் வைத்துத் தள்ளினான். அது பிடிவாதமாக வர மறுத்து, துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தத்தோடு விட்டது. மாமா திடுக்கிட்டு, "நான் இன்னும் இருக்கேனா?" என்றார். யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. புதியதன் கறுப்பு முகம் சென்சார் பக்கம் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தே உள்ளே செலுத்தினான்.

மணி ஒன்று. மீட்டர் ஒரு சுற்று முழுக்க ஓரிடத்திலும் உறங்கவில்லை. பின்தெருச் சரிவில் இருமுறை ஏற்றி இறக்கி, பிரேக்கையும் சோதித்துவிட்டு, "நானே ஓட்டுறேன்," என்றான்.

மேட்டு வளைவில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. முதல் கியர். சாலை முழுக்கச் சேற்றுத் தண்ணீர். அக்கா பின்னால் மாமாவின் தோளைப் பிடித்திருந்தாள். அவன் கண் சாலையில் பாதி, விளக்கு எரியும் இடத்தில் பாதி.  வண்டி சொணங்காமல் ஏறியது.

ஒன்று ஐம்பதுக்கு நர்ஸ் மாமாவை எடைபோட்டு, ஏறியிருந்த எடைக்காக அக்காவை முறைத்துவிட்டுக் கட்டிலுக்கு அழைத்துப்போனாள்.

அவன் நடைக்கூடத்தில் நின்று போனை எடுத்தான். இதே மாதிரி பேரிங்கை அந்தத் தட்டில் வைத்து, இந்த வருஷம் இன்னும் இரண்டு வண்டிகளுக்குப் போட்டிருக்கிறான். முதல் எண்ணை அழுத்தினான்.

"அண்ணே, தட்டு பேசுறேன். நாளைக்கு வண்டியைக் கொண்டு வாங்க. விளக்கு எரியலைன்னாலும் கொண்டு வாங்க. நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்."