லாரிக்கு முன்னால்

நேற்று முத்தையாபுரம் தாண்டி பஸ்ஸில் போகும்போது சூடான டீசல் வாடையும் உப்புக்காற்றும் சேர்ந்து வர, இப்போது மதில் எழுப்பி மறைத்துவிட்ட அந்தக் கடற்கரைப் பனங்காட்டுக்கே மனம் போய்விட்டது. உப்பு லாரி ஓட்டிய அப்பா, கோடை விடுமுறையில் எங்களை அங்கே கூட்டிப்போய் ஒரு வாரம் லாரியையே வீடாக்கிவிடுவார். மேலே தார்ப்பாய் கட்டித் தூக்கம், பக்கத்தில் மூன்று கல் வைத்து அம்மாவின் மீன்குழம்பு, நாள் முழுக்கப் பனையோலைச் சலசலப்பு.

ஒரு மத்தியானம், மூன்று வயதுத் தங்கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா குளிக்கப் போயிருந்தாள். தங்கை லாரிக்கு அடியில் தூங்கிவிட, எட்டு வயதான நான் சிப்பி பொறுக்கப் போனேன். எஞ்சின் உறுமியது. லாரியைப் பனை நிழலுக்கு மாற்ற அப்பா ஏறியிருந்தார். ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றேன்.

"ஏளா, கோட்டி புடிச்சிருக்கா? தள்ளு!"

"அப்பா, அடியில பாப்பா தூங்குறா."

எஞ்சினை அணைத்துவிட்டு, தவழ்ந்து போய் அவளை எடுத்துவந்தார். அவள் விழிக்கவே இல்லை. அடி விழும் என்று காத்திருந்தேன். அவரோ சாவியை, குளித்துத் திரும்பிய அம்மாவிடம் கொடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்தவர், சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

ஊர் திரும்பும் நாளில், எஞ்சினைக் கிளப்பும் முன், அம்மாவும் நானும் தங்கையும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தங்கை பதில் சொன்ன பிறகும் அவளை மட்டும் இன்னொரு முறை கூப்பிட்டார்.