வால் அக்கா முன்னால் நடந்த நாள்

வால் என்றதும் குறும்புக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கும் குறும்புக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எங்கள் நடைக் கூட்டத்தில் கடைசியாக வருபவருக்கு வால் என்று பெயர். முதல் வருடத்திலிருந்தே அது அக்காதான்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீளமான அறை. ஒரு சுவரை ஒட்டி ஆளுயர இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருக்கும். எதிர்ப்பக்கம் அழுக்குத் துணி தள்ளுவண்டிகளில் வந்து குவியும். துணி இயந்திரத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு அங்கியின் பையையும் மடிப்பையும் தடவிப் பார்ப்பது அவள் பொறுப்பு. கத்தரிக்கோல், ஊசி, பேனா, மோதிரம், எது வேண்டுமானாலும் கிடைக்கும். ஒரு தடவை பல் செட் கிடைத்தது. அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு நான் பல் செட் செய்கிற கடைக்கு வந்து நின்றாள்.

"இது யாரோட வாய்னு பாத்துச் சொல்ல முடியுமா?"

நான் செய்ததுதான், யாருடையது என்று சொன்னேன். அப்படித்தான் பழக்கம். பிறகு நடைக்கும் அவள்தான் என்னை இழுத்துப் போனாள்.

எங்கள் நடை இதுதான்: நீண்ட மலைப்பாதை ஒன்றை வருடத்துக்கு ஒரு பகுதியாக, பையை முதுகில் மாட்டிக்கொண்டு சில நாட்கள் நடந்து முடிப்பது. முன்னால் போகிறவர் பஸ் டிரைவர். அவரை ஒட்டினாற்போல அக்காவின் வீட்டுக்காரர் போவார். சாவிக்கடை வைத்திருக்கிறார். அவர் வாய்க்குப் பக்கத்தில் ஒரு காது எப்போதும் வேண்டும். டிரைவர் பாவம், ஸ்டியரிங் இல்லாததால் தப்பிக்க வழியில்லை.

வாலுக்கு வேலை அதிகம். பாதை பிரிகிற இடத்தில் டிரைவர் தவறான வழிக்குக் குறுக்கே ஒரு மரக்கொப்பைப் போட்டுவிட்டுப் போவார். கடைசி ஆள் தாண்டியதும் வால் அதை எடுத்துவிட வேண்டும்; அதுவும் யாரோ போகிற வழிதானே, அடைத்து வைக்கலாமா? ஒதுங்கப் போகிறவர் தன் பையை நடுப்பாதையில் வைத்துவிட்டுப் போவார். பையைக் கண்டால் வால் அங்கேயே நிற்கும். உட்கார்ந்து எழுந்த இடத்தையும் வால்தான் கடைசியாகச் சுற்றிப் பார்க்கும். எங்கள் கரண்டியும் காலுறையும் கண்ணாடியும் அக்கா கையிலிருந்து எத்தனை முறை திரும்பி வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்த வருடப் பகுதியின் முடிவில் ஒரு கணவாய். இந்தப் பாதையில் அதுதான் கடைசி உயரம். அதற்கப்புறம் எல்லாம் இறக்கம். முந்தைய நாள் மாலை, தங்கும் குடிலில் காலுறையைப் பிழிந்துகொண்டே அக்கா சொன்னாள்:

"நாளைக்கு நான் முன்னால போறேன்."

கயிற்றில் துணி போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"நான் மேல வர்றதுக்குள்ள நீங்க பாத்து, சாப்பிட்டு, கிளம்பவும் தயாராயிடறீங்க. ஒரு தடவையாவது யாரும் வந்து சேராத இடத்தை நான் பாக்கணும். வேற ஒண்ணுமில்ல."

கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள் என்பதால் அதைச் சொல்வதற்குள் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் உடனே மார்பைத் தட்டினார். "நாளைக்கு வால் நான். போதுமா?"

மறுநாள் பிரிகிற இடங்களில் கொப்பைப் போட்டுக்கொண்டே அக்கா எல்லாருக்கும் முன்னால் போனாள். நடை அப்படியொன்றும் மெதுவானதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கணவாயில் மதியத்துக்குள் மேகம் மூடிவிடும், அதற்குள் போனால்தான் அந்தப் பக்கம் தெரியும் என்று குடில்காரர் சொல்லியிருந்தார்.

காடு முடிகிற இடத்தில் என் வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. பையை நடுப்பாதையில் வைத்துவிட்டுப் புதருக்குப் பின்னால் போனேன். திரும்பி வந்தால் பையும் இல்லை, ஆளும் இல்லை. கொஞ்சம் மேலே பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் கொப்பு இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கோபத்தோடு ஒரு வழியில் இறங்கினேன். அது பழைய கல் குவாரிக்குப் போகிற வழி.

மேலே நடந்ததை டிரைவர் பிறகு சொன்னார். கணவாய்க்குச் சற்றுக் கீழே, பின்னால் வருகிறவர்களுக்காக அக்கா நின்றிருக்கிறாள். எல்லாரும் வந்தார்கள். கடைசியில் வீட்டுக்காரர் முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று என இரண்டு பைகளோடு, மூச்சு வாங்க, பெருமையோடு வந்திருக்கிறார்.

"அது பல்செட்டுக்காரர் பையாச்சே?" என்று கேட்டாள் அக்கா.

"பாவம், சுமக்க முடியல போல. வழியிலேயே போட்டுட்டுப் போயிட்டாரு. விட்டுட்டா வர முடியும்?"

"கொப்பு?"

"அதையும் மறக்காம எடுத்துட்டேன்."

எப்போதும் முன்னால் நடக்கிறவருக்கு, நடுப்பாதையில் பை கிடந்தால் என்ன அர்த்தம் என்று எப்படித் தெரியும்? நல்லது செய்யப் போய் மனுஷன் திருதிருவென்று விழித்திருக்கிறார். தானே போய் அழைத்து வருவதாக டிரைவர் சொல்லியிருக்கிறார். அக்கா கேட்கவில்லை.

"நீங்க தேடித்தேடி நிப்பீங்க. அகலமான வழியப் பாத்தா அவரு அதுலதான் இறங்குவாரு. எனக்குத் தெரியும்." பையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

நான் அகலமான வழியில்தான் இறங்கியிருந்தேன். அதற்காகவும் எனக்குக் கோபம். குவாரிக்குப் போகிற வளைவில் அவளைப் பார்த்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். முழுவதையும் நின்று கேட்டாள்.

"தப்பு என்னுதுதான். பை விஷயம் அவருக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன். வாங்க."

"நீங்க கணவாய்க்குப் போகலையா?"

"போகலாம், வாங்க."

முன்னால் போகும்படி அவளிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "நீங்க நடங்க, நான் வர்றேன்" என்று பின்னாலேயே வந்தாள். என் கால்களை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது. அவ்வளவு மெதுவாக நடந்தன.

கணவாய்க்குக் கீழே எல்லாரும் அப்படியே இருந்தார்கள். ஒருவர்கூட மேலே ஏறவில்லை. வீட்டுக்காரர் வாய் திறக்காமல் என் பையைத் தூக்கி என்னிடம் கொடுத்தார். மேகத்தின் முனை கணவாயின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் போங்கக்கா" என்றார் டிரைவர்.

அக்கா, எல்லாரும் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தாள். எதையாவது விட்டுவிட்டோமா என்று.

"அதை நாங்க பாத்துக்கறோம். நீங்க போங்க!" என்று நான் கத்தினேன்.

போனாள். நாலடி ஏறுவதும் திரும்பி எங்களைப் பார்ப்பதுமாகப் போனாள். கணவாயின் உச்சியை முதலில் மிதித்தது அவள்தான். மிதித்ததும் அந்தப் பக்கம் பார்ப்பாள் என்று நினைத்தோம். அவள் எங்களைப் பார்த்து நின்றுகொண்டு, விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ண ஆரம்பித்தாள்.

"திரும்பு! அந்தப் பக்கம் பாரு!" என்று வீட்டுக்காரர் அலறினார்.

"எல்லாரும் வாங்க முதல்ல."

சொல்லிப் பயனில்லை என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஓடினோம். நாற்பதும் ஐம்பதும் தாண்டிய ஆட்கள், பையும் தொந்தியுமாக, அந்த ஏற்றத்தில் ஓடினோம். டிரைவர் விழுந்து எழுந்தார். கடைசி ஆள் நான்; முடிகிற இடத்தில் கையையும் ஊன்றித் தவழ்ந்தேன். என் கால் மேலே பட்ட பிறகுதான் அக்கா திரும்பினாள்.

பள்ளத்தாக்கில் பாதியை மேகம் மூடிவிட்டது. மீதிப் பாதியை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு நாங்கள் எல்லாரும் அவளுக்குப் பின்னால் நின்றோம். யாரும் ஓரடி முன்னால் வைக்கவில்லை.